டர்பன் துறைமுகத்துப் பழைய கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்க முடியுமா?

வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கிறாள், ஜூலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் வந்து தங்கப்போகிறார். அவருடைய தாத்தாவின் தம்பி 1890களில் நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதிக்கு அன்றைய பெயர்) கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை. டர்பன் துறைமுகத்தில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று உண்டாம், அவர் கண்ணில் முதலில் பட்டது அதுவாகத்தான் இருக்கும், அதில் ஏறிப் பார்க்க டிக்கெட் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்கிறார்.

ஐயா, கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கம் இப்போது இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இங்கே வந்து டாக்சிக்காரரிடம் ‘லைட்ஹவுஸ்’ என்று சொன்னால், நேரே ஊருக்கு வடக்கே உள்ள உம்ஷ்லங்காவுக்குக் கொண்டுபோய்விடுவார். கடற்கரைப் பாறைமேல் சிவப்பும் வெள்ளையுமாக அழகான கோபுரம் ஒன்று நிற்கும். படம் எடுத்துக்கொண்டு, ‘சின்னத் தாத்தா பார்த்தது இதுதான்டா’ என்று பேரனிடம் சொல்லிவிடாதீர்கள். அது 1954இல் கட்டியது. ஒரு வழிகாட்டி, ஊரிலிருந்து வந்த ஒரு கூட்டத்தையே அங்கே நிறுத்தி, 1860இல் நம்மவர்களை வரவேற்ற விளக்கு இது என்று சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பாவம், அந்தக் கூட்டத்தில் இரண்டு பாட்டிமார் அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

சரி, நீங்கள் கேட்ட விளக்கத்துக்கு வருவோம்.

டர்பன் துறைமுகம் பெரிய விரிகுடா ஒன்றுக்குள் இருக்கிறது. அதன் தெற்குப் பக்கத்தில் கடலுக்கும் குடாவுக்கும் நடுவே நீளமாக ஒரு மேடு ஓடும். மரமடர்ந்த பழைய மணல்மேடு அது, காலப்போக்கில் இறுகிக் கல்லானது. அதன் பெயர் ப்ளஃப். அந்த மேட்டின் வடமுனையில், துறைமுக வாய்க்கு நேர் மேலே, 1867இல் முதல் விளக்கை ஏற்றினார்கள். இரும்பால் செய்த கோபுரம். உங்கள் சின்னத் தாத்தா 1890களில் வந்தவர் என்றால், நிச்சயமாக அந்த விளக்குதான் அவரை எதிர்கொண்டிருக்கும். உங்கள் ஊகம் சரி. ஆனால் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி, ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 342 பேரோடு 1860 நவம்பர் 16இல் வந்து சேர்ந்தபோது ப்ளஃப் முனையில் இந்த விளக்கு கிடையாது. விளக்கு எரிய இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தது. முதல் சில வருஷங்களில் வந்தவர்கள் பார்த்தது இருட்டான மேட்டைத்தான். அதற்குப் பிறகு 1911 ஜூலையில் ஆள் அனுப்புவது நிற்கும்வரை வந்தவர்கள் எல்லாருக்கும் விளக்கு இருந்தது. மொத்தம் வந்தவர்கள் 1,52,000 பேருக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள்.

போரில் ஏன் எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். ப்ளஃப் மேடு முழுவதையும் கடலோரப் பீரங்கிகளுக்கு ஒதுக்கியபோது, நடுவே நிற்கிற கோபுரம் பீரங்கிக்கும் தடை, எதிரிக்கும் அடையாளம். என் ஆயா இதைச் சொல்லும்போது விளக்கை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். எங்கள் தாத்தா வீட்டார் குடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் கரைவலை இழுத்துப் பிழைத்தவர்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் மீனுக்குப் போன தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. அதே போர்க்காலத்தில் தீவைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்டார்கள், மீன்பிடிக் குடும்பங்கள் ப்ளஃப் அடிவாரத்துக்கு இடம் மாறவேண்டியதாயிற்று. “வெளக்கையும் அவிச்சான், ஒலையையும் அவிச்சான்” என்பது ஆயாவின் வாய்ப்பாடு. எங்கள் வீட்டில் ப்ளஃப் முனைக்கு இன்றைக்கும் ‘வெளக்குமுனை’ என்றுதான் பெயர். அங்கே விளக்கு இருந்ததைப் பார்த்தவர் வீட்டில் ஒருவரும் உயிரோடு இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கலங்கரை விளக்கம் என்றால் கலங்களைக் கரைந்து கூப்பிடும் விளக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா, காகம் கரைவதுபோல? டர்பனில் அந்தச் சொல் பாதிதான் பொருந்தும். விளக்கு வா என்று கூப்பிட்டது. ஆனால் வாசலில் மணல் படுத்துக்கொண்டு, வராதே என்றது. நீங்கள் பார்க்கவேண்டியது கோபுரத்தைவிட இந்த வாசலைத்தான் என்பேன். கோபுரம் போய்விட்டது, வாசல் இருக்கிறது. உங்கள் சின்னத் தாத்தா கடந்து வந்ததும் அந்த வாசலைத்தான்.

இந்தக் கரையில் அலை பெரும்பாலும் தெற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். அடிக்க அடிக்க மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். ப்ளஃப் முனையைச் சுற்றி வந்ததும் அலைக்கு வேகம் குறையும், கையிலிருந்த மணலை அங்கேயே போட்டுவிடும். அது சரியாகத் துறைமுக வாய். நம் ஊர் ஆற்று முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்குமே, அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். வற்றத்தில் சில இடங்களில் ஓர் ஆள் ஆழம்தான் தண்ணீர் இருக்குமாம். நேற்றுப் போன வழி இன்றைக்கு இருக்காது. பெரிய கப்பல்கள் உள்ளே நுழைய முடியாமல் வெளியே, திறந்த கடலில் நங்கூரம் போட்டுக் காத்துக்கிடக்கும். அவசரப்பட்டவை பாறையிலோ மணலிலோ ஏறின. 1850இல் மினெர்வா என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தவர்களை ஏற்றிவந்து, ப்ளஃப் அடியில் பாறையில் மோதி உடைந்தது. வெளிக்கடலில் காத்துக்கிடக்கிற கப்பலுக்கு, இருட்டில் ‘கரை இங்கே, இதற்குமேல் நெருங்காதே’ என்று சொல்லத்தான் அந்த மேட்டில் விளக்கு வேண்டியிருந்தது.

வெளியே நிற்கிற கப்பலிலிருந்து ஆட்களை இறக்கியது எப்படி என்று தெரிந்தால் பேரனுக்குப் பிடிக்கும். பிரம்புக்கூடை. பெரிய கூடை, நாலைந்து பேர் நிற்கலாம், பக்கத்தில் கதவு உண்டு. அதைக் கப்பலின் பாரந்தூக்கியில் மாட்டி, அந்தரத்தில் தூக்கி, கீழே ஆடிக்கொண்டிருக்கிற சின்ன இழுவைப் படகில் இறக்குவார்கள். அலை ஏறும்போது இறக்கினால் ‘தொம்’ என்று முட்டும், இறங்கும்போது இறக்கினால் கூடை இன்னும் கீழே போகும். தபால் கப்பலில் வந்த துரைமார், துரைசானிமார் எல்லாரும் இந்தக் கூடையில்தான் இறங்கினார்கள், பழைய படங்களில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கூலிக் கப்பலில் வந்தவர்களுக்கும் கூடை கொடுத்தார்களா, ஏணியில் இறங்கச் சொன்னார்களா என்பது கப்பலுக்குக் கப்பல், வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கும். கதையாகச் சொல்லும்போது கூடையை உங்கள் சின்னத் தாத்தாவுக்கே கொடுத்துவிடாதீர்கள்.

பல வருஷம் தூர்வாரியும் தடுப்புச் சுவரை நீட்டியும் மணலோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் 1904 ஜூன் 26இல் ஆர்மடேல் காஸில் என்ற தபால் கப்பல் வாயைத் தாண்டி உள்ளே வந்தது. அந்த அளவுக் கப்பலில் முதலாவது அதுதான். ஆனால் மணல் இன்றைக்கும் ஓயவில்லை. தூர்வாரும் கப்பல் அள்ளுகிற மணலைக் குழாய் வழியாக நகரத்துக் கடற்கரைக்குத் தள்ளுகிறார்கள். அது நின்றுபோகும் மாதங்களில் கடற்கரை கண்ணெதிரே மெலியும். டர்பன்காரர்களுக்கு அதைப் பற்றிப் புலம்புவது ஒரு பொழுதுபோக்கு.

இன்னொன்று. 1896 டிசம்பர் 18இல் கோர்லாண்ட், நாதெரி என்று இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து வந்து இந்த வெளிக்கடலில் நின்றன. கோர்லாண்டில் காந்தி, மனைவி மக்களோடு. பம்பாயில் பிளேக் என்பது காரணம், இந்தியர்கள் வந்து இறங்கக்கூடாது என்று ஊருக்குள் கூச்சல் போட்ட வெள்ளையர் கூட்டம் இன்னொரு காரணம். ஜனவரி 13 வரை இறங்க விடவில்லை. இறங்கிய அன்றைக்கே தெருவில் அவரை அடித்தார்கள். போலீஸ் கண்காணிப்பாளரின் மனைவி குடையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றதால் தப்பினார். அந்த அடியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு நினைப்பு போவது அதற்கு முந்தைய இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இரவுகளுக்கு. கரை தெரிகிறது, விளக்கு எரிகிறது, கால் வைக்க முடியவில்லை.

இனி எங்கே போய் நிற்பது என்பதைச் சொல்கிறேன். பாயிண்ட் பகுதிக்குப் போங்கள். உஷாகா மரைன் வேர்ல்ட் என்று மீன்காட்சிச்சாலை இருக்கிறது, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, கடலோர நடைபாதையில் தெற்குப் பார்த்து நடந்தால் அது துறைமுக வாயில் கொண்டுபோய் விடும். எதிரே வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் ப்ளஃப் முனை. அங்கே நின்றுகொண்டு மேட்டின் உச்சியைப் பாருங்கள், பழைய விளக்கு நின்றது அந்த முனையில்தான். இப்போது அங்கே நவீனமாக, கூர்முனையோடு ஒரு கோபுரம் நிற்கும். அது மில்லினியம் டவர், கப்பல் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிற இடம். அதன் தலைப்பாகம் காற்றடிக்கிற திசைக்கு ஏற்பத் திரும்பும். அந்த முனை ராணுவ நிலம், நினைத்தவுடன் ஏறிப்போக முடியாது. அதனால் கீழே நின்று பார்ப்பதோடு திருப்திப்படவேண்டியதுதான்.

காலையில் போங்கள். ஜூலையில் ஏழு மணிக்குள் வெளிச்சம் வந்துவிடும், காற்றும் அவ்வளவு இருக்காது. கையில் ஒரு ஃபிளாஸ்க் டீ இருக்கட்டும், கப்பல் ஒன்று வரும்வரை நகராதீர்கள். ஆப்பிரிக்காவிலேயே போக்குவரத்து மிகுந்த துறைமுகங்களில் ஒன்று இது, நீண்ட நேரம் காத்திருக்கவேண்டியிராது. முதலில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். கப்பலுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிற பைலட்டை இங்கே பெரும்பாலும் ஹெலிகாப்டரில் கொண்டுபோய், வெளிக்கடலில் வருகிற கப்பலின் தளத்தில் கயிற்றில் இறக்குவார்கள். அன்றைக்குக் கூடையில் ஆட்களைக் கீழே இறக்கிய அதே கடலில் இன்றைக்கு மேலேயிருந்து ஓர் ஆளை இறக்குகிறார்கள், பேரனிடம் சொல்லுங்கள். அப்புறம் தொடுவானத்தில் பெட்டி அடுக்கியதுபோல ஒன்று தெரியும். பத்து நிமிஷம் அது அசையாததுபோலவே இருக்கும். திடீரென்று பார்த்தால் வாய்க்காலுக்குள் வந்துவிட்டிருக்கும், இழுவைப் படகுகள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு. வாய்க்கால் அகலம் 200 மீட்டருக்குச் சற்று மேலே, அதுவும் 2010 வாக்கில் அகலப்படுத்திய பிறகு. முன்பு ஏறக்குறைய அதில் பாதிதான். கப்பல் உங்களைத் தாண்டும்போது ப்ளஃப் மேடே மறைந்துபோகும். மேல்தளத்தில் நிற்கிறவர் கையசைத்தால் தெரியும். என் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருவர் கையசைக்க, இவள் பதிலுக்குக் கும்பிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. பாயிண்டின் பின்தெருக்களில் தனியாக அலையவேண்டாம், போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்கவேண்டாம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். மகள் வீட்டில் ஏற்கெனவே இதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லிவைக்கிறேன்.

நேரம் இருந்தால் வில்சன்ஸ் வார்ஃபிலிருந்து படகில் குடாவைச் சுற்றிக் காட்டுவார்கள், அதில் ஏறிக்கொள்ளுங்கள். வாயைத் தண்ணீரிலிருந்து பார்ப்பது வேறு. சாலிஸ்பரி தீவையும் அதிலிருந்து பார்க்கலாம். பெயர்தான் தீவு, இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. கடற்படை போனபின் 1961இல் அங்கேதான் இந்தியர்களுக்கென்று தனியாகப் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தார்கள், நிறவெறிச் சட்டம் அப்படி. பிள்ளைகள் படகில் ஏறிப் படிக்கப் போனார்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் அங்கே படித்தவர். தன் அப்பா வலை இழுத்த மண்ணில் உட்கார்ந்து படித்தேன் என்பார், கோபமா பெருமையா என்று குரலில் தெரியாது.

பழைய ப்ளஃப் விளக்குக்கு வாரிசு என்றால் இரண்டு. ஒன்று ப்ளஃப் மேட்டிலேயே தெற்கே, பிரைட்டன் பீச் பக்கம் வீடுகளுக்கு நடுவே நிற்கிற கூப்பர் விளக்கம், 1953இல் ஏற்றியது, கலங்கரை விளக்கப் பொறியாளர் ஒருவர் பெயர் அது. அதற்காக வண்டி எடுக்கவேண்டாம். இரண்டாவது முதலில் சொன்ன உம்ஷ்லங்கா. 21 மீட்டர் உயரம். வேடிக்கை என்னவென்றால் அதற்குக் காவலாளி என்று ஒருவர் இருந்ததே இல்லை, விளக்கைக் கவனித்துக்கொள்கிற பொறுப்பு பக்கத்து ஓய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டலுடையது. டீ பரிமாறுகிற இடத்தில் கலங்கரை விளக்கத்தின் பொறுப்பும். அடிவாரம் வரை போகலாம், அலை வந்து பாறையில் உடைவதைப் பார்க்கலாம். பேரனுக்கு நல்ல இடம். நான் சொன்னதெல்லாம், சின்னத் தாத்தாவை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள் என்பதுதான்.

இல்லை, படியேறித்தான் ஆகவேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால் கேப் டவுனுக்குப் போகவேண்டும். அங்கே கிரீன் பாயிண்ட் விளக்கம், 1824 ஏப்ரல் 12இல் ஏற்றியது, நாட்டில் இன்னும் வேலை செய்கிற விளக்கங்களில் மூத்தது அதுதான். சிவப்பு வெள்ளைப் பட்டை சாய்வாகப் போட்டிருக்கும், பழைய காலத்துச் சவரக்கடைக் கம்பம் மாதிரி. துறைமுகத்திலிருந்து கடலோரமாகவே நடந்து போய்விடலாம். உள்ளே ஏற விடுகிற நாளையும் நேரத்தையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அதன் மூடுபனிச் சங்கு ஊதிய சத்தத்தில் தூக்கம் கெட்டு அக்கம்பக்கத்தார் புகார் எழுதிய கதைகளும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. கிளம்புவதற்கு முன்னால் சின்னத் தாத்தாவின் பெயரைக் கப்பல் பதிவுகளில் தேடுங்கள். நேட்டாலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், வந்த கப்பல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டர்பனில் டெர்பி தெருவில் உள்ள 1860 பாரம்பரிய மையத்தில் கேட்டால் எங்கே தேடுவது என்று சொல்வார்கள், வெஸ்ட்வில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும் பட்டியல்கள் உண்டு. ஜில்லா என்ற இடத்தில் வட ஆர்க்காடு என்று தேடுங்கள், வேலூர் அன்றைக்கு அதில்தான். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். எழுதியது ஆங்கில எழுத்தில். முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், கவுண்டர் கோவெண்டர் ஆகியிருப்பார், நாயுடு நைடூ ஆனது உலகத்துக்கே தெரியும். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர்.

எண் கிடைத்தால் கப்பல் பெயரும் வந்து இறங்கிய தேதியும் கூடவே கிடைக்கும். தேதியை வைத்து அன்றைக்கு அமாவாசையா பௌர்ணமியா என்றுகூடப் பார்த்துவிடலாம். அமாவாசையாக இருந்தால், வெளிக்கடலில் நின்ற கப்பலிலிருந்து அவருக்கு ப்ளஃப் மேடு தெரிந்திருக்காது, விளக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.